பணம் கட்டும் முன் மெடிக்கல்: வெளிநாட்டில் பைலட் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் இதுதான்: கமர்ஷியல் பைலட் பயிற்சிக்காக வெளிநாடு போகத் திட்டம். அதற்கு மெடிக்கல், அதாவது விமானம் ஓட்ட உடல்தகுதி இருக்கிறது என்று சோதித்துக் கொடுக்கும் மருத்துவச் சான்றிதழ், வேண்டும். "மெடிக்கலை இங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம், முதலில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்யுங்கள்" என்கிறது பயிற்சிப் பள்ளி. கேட்பவர் கண்ணாடி போடுகிறார், பவர் மைனஸ் 3. சின்ன வயதில் வீசிங், அதாவது ஆஸ்துமா போன்ற மூச்சிரைப்பு, இருந்தது, இப்போது இல்லை. முன்பணம் கட்டலாமா, மெடிக்கலை எங்கே எடுப்பது, வீசிங்கைச் சொல்வதா வேண்டாமா?

பள்ளி சொல்வது பொய் இல்லை. ஆனால் அது பள்ளிக்கு வசதியான உண்மை. அமெரிக்காவில் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரை மாணவருக்கு மருத்துவச் சான்றிதழே தேவையில்லை. தனியாக ஓட்டும் சோலோ நாள் வரும்போதுதான் அது வேண்டும். ஐரோப்பாவிலும் சட்டம் அப்படித்தான். எனவே வீசா எடுத்து, வீடு பிடித்து, பல மணி நேரம் பறந்த பிறகு "உங்களுக்கு நிறப்பார்வைக் குறை இருக்கிறது" என்று ஒரு டாக்டர் சொல்வது முற்றிலும் சட்டப்படி நடக்கக்கூடிய ஒன்று. அதற்குள் கட்டிய பணம் பள்ளியிடம் இருக்கும். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: மெடிக்கல் கையில் வரும் வரை பெரிய தொகை எதையும் கட்டாதீர்கள். ஒழுங்கான பள்ளிகள் பலவும், குறிப்பாக ஆரம்பம் முதல் கமர்ஷியல் லைசென்ஸ் வரை ஒரே மூச்சில் கொண்டுபோகும் முழுநேரப் படிப்பு நடத்துபவை, கமர்ஷியல் பைலட்டுக்கான கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்கின்றன. கேட்காத பள்ளியைப் பார்த்து எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்து எந்த மெடிக்கல் என்பது. எல்லாரும் "என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது எந்த நாட்டின் மெடிக்கல் என்று. பறப்பவர்களின் உடல்தகுதிக்கு உலகப் பொது அளவுகோலை ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்திருக்கிறது; 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் இணைப்பில் அது இருக்கிறது. அதன்படி கமர்ஷியல், ஏர்லைன் லைசென்ஸ்களுக்கு கிளாஸ் 1, பிரைவேட் பைலட்டுக்கு கிளாஸ் 2, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு கிளாஸ் 3. ஆனால் அது அடிப்படை மட்டும்தான். அதன் மேல் ஒவ்வொரு நாடும் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. ஒரு நாடு கொடுத்த சான்றிதழ் இன்னொரு நாட்டின் லைசென்ஸுக்குப் பொதுவாகச் செல்லாது. பிரிட்டனைப் பாருங்கள்: ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் விதிகளுக்குள்தான் அதுவும் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் தனி. சோதனைகள் கிட்டத்தட்ட ஒன்றே என்றாலும் பிரிட்டன் மெடிக்கலை வைத்து ஈயாசா லைசென்ஸில் பறக்க முடியாது.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கிளாஸ் என்று பிரிக்கிறது. மாணவருக்கும் பிரைவேட் பைலட்டுக்கும் தேர்ட் போதும், சம்பளத்துக்குப் பறக்க செகண்ட், ஏர்லைன் கேப்டனுக்கு ஃபர்ஸ்ட். அதாவது அமெரிக்காவின் தேர்ட் கிளாஸும் ஐ.சி.ஏ.ஓ.வின் கிளாஸ் 3-ம் வேறு வேறு. கனடா இவற்றைக் கேட்டகரி என்கிறது. கமர்ஷியலுக்குக் கேட்டகரி 1 வேண்டும். அமெரிக்கா போகிறவரிடம் "தேர்ட் கிளாஸ் எடுத்தால் போதும்" என்று பள்ளி சொன்னால் சட்டப்படி சரி, ஆனால் நீங்கள் ஃபர்ஸ்ட் கிளாஸையே எடுங்கள். உங்கள் எல்லை எது என்று முதல் நாளே தெரிந்துவிடும். நஷ்டமும் இல்லை: 40 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அது ஃபர்ஸ்ட் கிளாஸாக 12 மாதம் செல்லும், அதன்பின் தானாகவே தேர்ட் கிளாஸின் அதிகாரத்துக்கு இறங்கி, சோதனை நடந்த மாதத்திலிருந்து 60 மாதம் வரை உயிரோடு இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். பயிற்சி எடுக்கும் நாடு ஒன்று, கடைசியில் வேலை பார்க்கப்போகும் நாடு இன்னொன்று என்றால், வேலை பார்க்கும் நாட்டின் கிளாஸ் 1-ஐ முதலில் எடுங்கள். பயிற்சி நாட்டினுடையது இரண்டாவது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்: அமெரிக்க மெடிக்கலோடு லைசென்ஸ் வாங்கிவிட்டு, சொந்த நாட்டு லைசென்ஸாக மாற்றப் போகும்போது அங்குள்ள கிளாஸ் 1-ல் சிக்குகிறார்கள். ஏன் சிக்குவார்கள் என்றால் அளவுகோல்கள் உண்மையிலேயே வேறு. காதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டாக்டருக்கு முதுகைக் காட்டி ஆறடி தள்ளி நின்று, அவர் சாதாரணமாகப் பேசுவது கேட்டால் தேர்ச்சி. ஈயாசாவின் கிளாஸ் 1-க்கோ, கேட்கும் திறனைக் கருவியால் அளக்கும் ஆடியோமெட்ரி கட்டாயம்: 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேலோ, 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேலோ இழப்பு இருக்கக் கூடாது. அமெரிக்காவில் பாஸ் ஆன காது ஐரோப்பாவில் தடுமாறலாம்.

வழிமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். ஈயாசா விதியில் முதல் கிளாஸ் 1 சோதனையை அங்கீகாரம் பெற்ற ஏரோமெடிக்கல் மையத்தில் மட்டும்தான் செய்ய முடியும். புதுப்பிக்கும்போது தனி டாக்டர் போதும். எனவே ஐரோப்பா போகிறவர்கள் பள்ளியை நேரில் பார்க்கப் போகும் பயணத்தோடு இதைச் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். இந்தியாவின் விமானத் துறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. முதலில் பட்டியலில் உள்ள டாக்டரிடம் கிளாஸ் 2, அதன்பின் குறிப்பிட்ட மையங்களில் கிளாஸ் 1 என்று இரண்டு படியாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே அந்நாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்பான காசாவிடம் ஒரு அடையாள எண் வாங்கி இணையக் கணக்கு திறக்க வேண்டும். அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய அமைப்புகள் அங்கீகரித்த டாக்டர்கள் அந்தந்த நாட்டுக்கு வெளியேயும் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே கிடைக்கும். சில டாக்டர்களிடம் இரண்டு மூன்று நாட்டு அங்கீகாரம் இருக்கும். அப்படி ஒருவர் கிடைத்தால் ஒரே நாளில் இரண்டு சான்றிதழ்களுக்கான சோதனையையும் முடித்துவிடலாம்.

வீசாவுக்கான மருத்துவச் சோதனை முற்றிலும் வேறு. அந்தத் தாளைக் காட்டி யாரும் விமானம் ஓட்ட முடியாது.

இனி வீசிங்கும், அதைச் சொல்வதா வேண்டாமா என்பதும். எழுதுங்கள். எஃப்.ஏ.ஏ. படிவத்தில் கேள்வி "வாழ்நாளில் எப்போதாவது" என்றுதான் தொடங்குகிறது. இப்போது இல்லையே என்பது பதில் ஆகாது. பொய் எழுதினால் 250,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை என்று அந்தப் படிவமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் யோசியுங்கள். மறைத்து வாங்கிய சான்றிதழின் மேல் முப்பது வருட வேலையைக் கட்டுகிறீர்கள். என்றைக்காவது ஒரு காப்பீட்டுக் கோரிக்கையிலோ, ஆஸ்பத்திரிக் கோப்பிலோ, இன்னொரு நாட்டுப் படிவத்திலோ முரண்பாடு தெரிந்தால், பிரச்சினை வீசிங் பற்றியதாக இருக்காது, பொய் பற்றியதாக இருக்கும். வீசிங்குக்கு வழி உண்டு, பொய்க்கு வழி குறைவு.

வழி என்ன? எஃப்.ஏ.ஏ.யிடம், மேலிடத்துக்கு அனுப்பாமல் டாக்டரே அன்றைக்கே சான்றிதழ் கொடுக்கக்கூடிய நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆஸ்துமா அதில் இருக்கிறது. ரத்த அழுத்தம், தைராய்டு குறைவு, மைக்ரேன் ஆகியவையும் இருக்கின்றன. நிபந்தனைகளுக்குள் நீங்கள் வர வேண்டும், ஆவணம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள். கடைசியாக எப்போது அறிகுறி வந்தது, கடைசியாக இன்ஹேலர் எப்போது எடுத்தீர்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதுண்டா, இப்போது மருந்து ஏதாவது உண்டா என்று நாலு வரியில் தெளிவாக ஒரு கடிதம் வாங்குங்கள். "ஹி இஸ் ஃபிட்" என்று ஒற்றை வரியில் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. தேதிகள்தான் டாக்டருக்கு வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. உடம்பில் ஏதாவது சந்தேகம் இருந்தால், முறையாக விண்ணப்பிப்பதற்கு முன் டாக்டரிடம் ஆலோசனைக்கு மட்டும் போங்கள். அமெரிக்க முறையில் நீங்கள் மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையப் படிவத்தை நிரப்பினால் ஓர் எண் வரும், அது 60 நாள் செல்லும். அந்த எண்ணை டாக்டர் தன் கணினியில் திறந்துவிட்டால் சோதனை தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு "சும்மா விட்டுடுங்க டாக்டர்" என்று சொல்லி வெளியே வர முடியாது. கொடுப்பது, மறுப்பது, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவது என்று மூன்றில் ஒன்று நடந்தே தீரும். அங்கே போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம், பள்ளியின் சேர்க்கைத் தேதி போய்விடும். ஒரு முறை மறுப்பு பதிவானால், அடுத்த படிவங்களில் "எப்போதாவது மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். ஆகவே எண்ணைக் கொடுக்காமல், காகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய், "இது இருக்கிறது, நான் விண்ணப்பித்தால் என்ன ஆகும், என்ன ஆவணம் கேட்பீர்கள்" என்று கேளுங்கள். நல்ல டாக்டர்கள் இதை விரும்பவே செய்வார்கள், அவர்கள் வேலையும் சுலபம்.

கண்ணுக்கு வருவோம். மைனஸ் 3 பற்றிக் கவலையே வேண்டாம். கண்ணாடி போட்டவர் பைலட் ஆக முடியாது என்பது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய நம்பிக்கை. ஈயாசா கிளாஸ் 1-க்கு, கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். எஃப்.ஏ.ஏ. ஃபர்ஸ்ட் கிளாஸுக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 20/20, அதாவது மீட்டர் கணக்கில் 6/6. கண்ணாடி போட்டே பறக்க வேண்டும் என்ற குறிப்பு சான்றிதழில் வரும். ஈயாசா கூடுதலாக இன்னொரு கண்ணாடியும் கையில் வைத்திருக்கச் சொல்லும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சோதனைக்குச் சில நாட்கள் முன்பே கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. எத்தனை நாள் என்று சோதிக்கும் மையத்தைக் கேளுங்கள். மெடிக்கலுக்காகவே லேசிக் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு என் கருத்து: மைனஸ் 3-க்குத் தேவையில்லை. செய்துவிட்டால் பார்வை நிலைப்படும் வரை காத்திருக்க வேண்டும், அறுவைக்கு முந்தைய பவர் உட்பட எல்லா ஆவணமும் காட்ட வேண்டும். இல்லாத வேலையை இழுத்துப்போட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

உண்மையில் பயப்பட வேண்டியது நிறப்பார்வை. ஏனென்றால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. வலிக்காது, அன்றாட வாழ்க்கையில் இடிக்காது, கண்ணாடியால் சரியாகவும் ஆகாது. சிவப்பு, பச்சை வேறுபாட்டில் வரும் குறை ஆண்களிடம்தான் அதிகம், காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால். முதலில் இஷிஹாரா புத்தகம், அதாவது புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகள். ஈயாசா முறையில் 24 அட்டைப் பதிப்பின் முதல் 15 அட்டைகளை வரிசை மாற்றிக் காட்டுவார்கள். ஒரு தப்பும் இருக்கக் கூடாது. வரிசை மாற்றுவதே மனப்பாடம் செய்துவருபவர்களுக்காகத்தான். அதில் தவறினால் கதை முடியவில்லை. நிறங்களைப் பொருத்திப் பார்க்கச் சொல்லும் அனோமலோஸ்கோப் கருவி, விளக்குச் சோதனை, அல்லது லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் உருவான கேட் என்ற கணினிச் சோதனை என்று அடுத்த கட்டம் உண்டு. இஷிஹாராவில் தடுமாறிய சிலர் அதில் நிறத்தைப் பாதுகாப்பாகப் பிரித்தறிகிறார்கள் என்று நிரூபித்துத் தேர்ச்சி பெறுகிறார்கள். அமெரிக்கா 2025 ஜனவரி 1 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்குக் கணினிச் சோதனையையே கேட்கிறது. ஆகவே "அங்கே அட்டையைச் சும்மா காட்டுவார்கள்" என்று பழைய சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நிறம் கொடுத்த லென்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது, அது ஏற்கப்படாது. அருகில் உள்ள கண் மருத்துவரிடம் இஷிஹாராவை மட்டும் பார்த்துக்கொள்ள சில நிமிடம் போதும். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை இந்த வாரமே செய்யுங்கள்.

மற்ற சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உயரம், எடை, ரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும், ரத்தத்தில் ஹீமோகுளோபின், நுரையீரல் திறன், இ.சி.ஜி. ஈயாசா முதல் சோதனையிலேயே இ.சி.ஜி. எடுக்கும். எஃப்.ஏ.ஏ. ஃபர்ஸ்ட் கிளாஸில் 35 வயதுக்குப் பிறகுதான் கேட்கும். இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் வயிற்று ஸ்கேனும் உண்டு. அதில்தான் யாருக்கும் தெரியாமல் கிடந்த சிறுநீரகக் கல் வெளியே வரும். கல் ஏன் பெரிய விஷயம் என்றால், அது நகரும்போது வரும் வலியில் யாராலும் விமானத்தைக் கையாள முடியாது.

மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. நோயைவிட மருந்து தடையாக இருப்பது அடிக்கடி நடக்கும். சளி, அலர்ஜிக்கு எல்லாரும் விழுங்கும் செட்டிரிசினை எஃப்.ஏ.ஏ. ஏற்பதில்லை, தூக்கம் வரவைக்கும் என்பதால். லோரடடின், ஃபெக்சோஃபெனடின் பரவாயில்லை. முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இரவுப் பார்வையைப் பாதிக்கலாம் என்பதால் கேள்வி வரும். ஆனால் மெடிக்கலுக்காக நீங்களாகவே எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசி மாற்றுங்கள்.

மனநலம் பற்றிய கேள்விகள் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டன. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் 9525 விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதி 150 பேர் இறந்தார்கள்; தன் நோயை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அதன் பின்னர்தான் ஈயாசா முதல் கிளாஸ் 1 சோதனையில் விரிவான மனநல மதிப்பீட்டையும், போதைப்பொருள், மதுச் சோதனையையும் சேர்த்தது. இதைப் படித்துவிட்டு, பரீட்சைப் பதற்றத்துக்குக் கவுன்சிலிங் போனதை மறைக்க நினைக்க வேண்டாம். அதனால் மட்டும் யாரும் தகுதி இழப்பதில்லை. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக்கூட எஃப்.ஏ.ஏ. 2010 முதல் ஒரு பாதை வைத்திருக்கிறது. நீளமானது, பொறுமை வேண்டும். சிறுவயதில் ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகைச் சுறுசுறுப்புக் கோளாறு) என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், தனி மதிப்பீடு கேட்பார்கள்.

முந்தைய நாளுக்கு: நன்றாகத் தூங்குங்கள், கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், அது சிறுநீரில் புரதத்தைக் காட்டலாம். ஹெட்போனில் சத்தமாகப் பாட்டு கேட்காதீர்கள், காதில் அழுக்கு அடைத்திருந்தால் சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள். சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்தாலே பிரஷர் ஏறுபவர்கள் ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதிய குறிப்போடு போகலாம்.

"தகுதியில்லை" என்று வந்தால்? தற்காலிகமா நிரந்தரமா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் காரணத்தைச் சரிசெய்து மறுபடி போகலாம். நிரந்தரம் என்றாலும் மேல்முறையீடு உண்டு, நிபந்தனையோடு கொடுக்கும் வழியும் உண்டு, விதிகளும் அப்படியே நிற்பதில்லை. இன்சுலின் எடுப்பவர் கமர்ஷியலாகப் பறக்கவே முடியாது என்றிருந்தது. பிரிட்டன் 2012-லும், அமெரிக்கா 2019-லும் கண்காணிப்போடு கதவைத் திறந்தன. ஆனால் இன்றும் சில நாடுகள் திறக்கவில்லை. எந்த நாட்டில் லைசென்ஸ் எடுப்பது என்ற முடிவையே உங்கள் உடல்நிலை தீர்மானிக்கலாம். பள்ளியை முதலில் தேர்ந்தெடுப்பது அதனால்தான் தலைகீழ்.

உங்கள் விஷயத்தில் வரிசை இப்படி: இந்த வாரம் கண் மருத்துவரிடம் நிறப்பார்வை, அப்புறம் நுரையீரல் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரியும் கடிதமும், பிறகு, வேலை பார்க்க நினைக்கும் நாட்டின் அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் ஆலோசனை, சரி என்றால் முறையான கிளாஸ் 1, கடைசியாகப் பயிற்சி நாட்டு மெடிக்கல். அதற்குள் இடம் போய்விடும் என்று பள்ளி அவசரப்படுத்தினால், "மெடிக்கல் மறுக்கப்பட்டால் கட்டிய தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும்" என்று எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் சிறிய முன்பணம் கட்டலாம். எழுதிக் கொடுக்கத் தயங்கினால் வேறு பள்ளி பாருங்கள்.